அத்தான் சத்தம் போடாத லெந்து

இராஜபாளையம்,
8-3-1987, ஞாயிறு.

அன்புள்ள தம்பி எலியேசருக்கும் தங்கபாய்க்கும் பாப்பாவுக்கும் அக்காள் ஞானபாக்கியம் ஆசையோடு எழுதுவது. இந்நாள்மட்டும் தேவன் எங்களைக் குறைவில்லாமல் நடத்திவந்தார். ஜபல்பூரில் குளிர் விட்டதா, பாப்பாவுக்குச் சளி நின்றதா என்று மறக்காமல் எழுதவும்.

உன் கடிதம் வந்தது. மே மாதம் லீவு போட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு உன் மாமனார் வீட்டுக்கு வருகிறீர்கள், அங்கே வைத்துப் பாப்பாவுக்கு ஞானஸ்நானம் என்று படித்து மிகவும் சந்தோஷப்பட்டேன். கடைசியில் "அக்காள் மட்டும் வந்தால் போதும்" என்று எழுதி, அதன் அடியில் கோடு போட்டிருந்தாய். ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. தொழிற்சாலையில் அளவெடுத்து வேலை பார்க்கிறவன் கோபத்திலும் கோணலாகக் கோடு போடமாட்டான் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பதில் பிறகு எழுதுகிறேன்.

உன் கல்யாணத்தை நானும் மறக்கவில்லை. மூன்று வருஷம் ஆகியும் நினைத்தால் உடம்பு கூசுகிறது. நம் பக்கத்து ஆட்களுக்குப் பந்தியில் கறி தட்டுப்பட்டது உண்மைதான். அதை உன் அத்தான் உன் மாமனாரிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். மைக் செட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "இது கல்யாணப் பந்தியா, கஞ்சித்தொட்டியா?" என்று அவர் கேட்டதும், மைக்கை யாரும் அணைக்காமல் விட்டிருந்ததும், தெருக்கோடிவரை கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர்கள் எல்லாம் அதைத் திருப்பிச் சொன்னதும் நம் குடும்பத்துக்கு வந்த சோதனை. அதற்குப் பிறகு நீ எங்கள் வாசலை மிதிக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தால் அப்படியே வந்து அப்படியே ரயில் ஏறிவிடுகிறாய். அரைமணி நேர பஸ்தான்.

இப்போது எழுதுவதைச் சிரிக்காமல் படி. உன் அத்தான் ஈஸ்டருக்கு முந்தின இந்த லெந்து நாட்களில் சத்தம் போடுவதை விட்டிருக்கிறார்.

அது எப்படி ஆரம்பித்தது என்றால், கிறிஸ்துமஸுக்கு ஞாயிறுபள்ளிப் பிள்ளைகள் நாடகம் போட்டார்கள். நிறைமாதக்காரியோடு வருகிறவர்களுக்கு இடம் இல்லை என்று விரட்டுகிற சத்திரக்காரனாக, பின்தெரு டெய்லர் மகள் வேஷம் கட்டியிருந்தாள். இடுப்பில் ஒரு கை, தோள் துண்டால் பிடரியை ஒரு துடை, பிறகு "எவம்ல அவன்? ஒருவாட்டி சொன்னா வெளங்காது?" என்று ஒரு சத்தம். கோவிலே குலுங்கியது. எல்லாரும் எங்கள் பெஞ்சைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். எல்லாரையும்விடப் பெரிதாகச் சிரித்தது உன் அத்தான்தான். வீட்டுக்கு நடக்கையில், "அந்தப் புள்ள அச்சு அசலா நடிச்சிருச்சு, யாரப் பாத்துப் படிச்சிருக்கும்?" என்று என்னிடம் கேட்டார். நான் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டேன். வீட்டுக்கு வந்து துண்டை எடுத்துப் பிடரியைத் துடைத்தவர், கையை அப்படியே கழுத்தில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். அன்றைக்கு ஆட்டுக்கறிக் குழம்பை அவர் தொடவில்லை.

புதிதாக வந்திருக்கும் குருவானவர் உன்னைவிட இளையவர். அவரிடம் போய், "ஒரு நாள் முழுக்க உபவாசம் இருந்து ஒரே ஜெபத்துல இந்தக் கோவத்தத் தொலச்சிரலாமாய்யா?" என்று கேட்டிருக்கிறார். எதையும் ஒரே ஷிப்டில் முடித்துப் பழக்கப்பட்டவர் இல்லையா. குருவானவர், "அப்படி ஒரு ஜெபம் இருந்தா எனக்கும் சொல்லிக் குடுங்க" என்றாராம். அவருக்குப் பால்கோவாவைக் கண்டால் கை நிற்பதில்லையாம். சர்க்கரை வரப் பார்க்கிறது என்று டாக்டர் சொல்லியும் விடமுடியவில்லையாம். ஒரேயடியாக விடுவதாகச் சொல்லிச் சொல்லித் தோற்றுப்போனதால், இனிமேல் இன்றைக்கு மட்டும் தொடமாட்டேன் என்று தினமும் காலையில் சொல்லிப் பார்க்கப்போவதாகச் சொன்னாராம். உன் அத்தானுக்கு அந்தக் கணக்கு பிடித்துவிட்டது. ஈஸ்டர்வரை இவர் சத்தம் போடுவதில்லை, அவர் பால்கோவா தொடுவதில்லை, சாயங்காலம் ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்வது என்று ஏற்பாடு.

லெந்து தொடங்கிய சாம்பல் புதனன்று, கோபம் வரும்போது கடித்துக்கொள்ள வாயில் கிராம்பு போட்டுக்கொண்டு தறி ஷெட்டுக்குப் போனார். நம் ஷெட்டைப் பற்றி உனக்குத் தெரியும். பேண்டேஜ் துணித் தறிகள் ஓடுகிற இரைச்சலில் இவர் குரல் ஒன்றுதான் மேலே கேட்கும். இழை அறுந்தால் ஒரு கிராம்பு, தறி ஓட்டுகிற காமராஜ் பீடி குடிக்கப் போனால் ஒரு கிராம்பு, கரண்டு போனால் இரண்டு கிராம்பு. மத்தியானத்துக்குள் நாக்கு மரத்துப்போய், "காமராசு" என்று கூப்பிட்டால் "ஹாமஹாஹு" என்று வந்திருக்கிறது. காமராஜ் பயந்துபோய், "முதலாளிக்கு வாதம் இழுத்துருச்சு!" என்று தறியை எல்லாம் நிறுத்தி, அவரைக் குண்டுக்கட்டாகத் தூக்கி ரிக்‌ஷாவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டான். இவர் வேண்டாம் என்று சொன்னது யாருக்கும் புரியவில்லை. டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி மோந்து பார்த்துவிட்டு, "பிரியாணி ஏதும் சாப்ட்டீங்களா?" என்று கேட்டாராம்.

கிராம்பு டப்பாவை நான் ஒளித்துவைத்திருக்கிறேன். பாப்பாவுக்கு வசம்பு உரைத்துக் கொடுக்கச் சொல்லு.

இப்படிக்கு,
உன் அன்பு அக்காள்,
ஞானபாக்கியம்.


இராஜபாளையம்,
29-3-1987.

அன்புத் தம்பிக்கு, அக்காள் எழுதுவது. உன் கார்டு கிடைத்தது. நாலே வரி எழுதியிருந்தாய். அத்தானைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை, சரி. பாப்பா உட்காருகிறாள் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை மட்டும் சத்தமாகப் படித்தேன். உன் அத்தான் அடுத்த அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் செத்த நேரம் பக்கம் திருப்பவில்லை.

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. தேவதானத்திலிருந்து சித்தி மாங்காய் கொடுத்துவிட்டிருக்கிறாள். ஊறுகாய் போட்டு வைக்கிறேன். நீங்கள் போகும்போது எடுத்துப்போகலாம்.

உன் அத்தான் செய்தி கேள். கிராம்பு போன பிறகு, மெதுவாகப் பேசுவது என்று வைத்துக்கொண்டார். தறி ஓடுகிற இடத்தில் மெதுவாகப் பேசினால் யாருக்குக் கேட்கும்? அதனால் ஒவ்வொருவர் பக்கத்திலும் நடந்து போய்க் காதோரம் சொல்கிறார். முன்னே எல்லாம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்த இடத்திலிருந்தே ஷெட்டை நடத்துவார். இப்போது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடை. ஆட்கள் நடுங்கிப்போனார்கள். முதலாளி காதில் வந்து பேசுகிறார் என்றால் ஷெட்டை விற்கப்போகிறார், ஒவ்வொருவராகக் கணக்கு முடிக்கப்போகிறார் என்று பேச்சு கிளம்பிவிட்டது. தறிக்கு நூல் தார் சுற்றுகிற முத்துப்பேச்சி அழுதுகொண்டே என்னிடம் வந்து, "யக்கா, முதலாளியப் பழையபடி வையச் சொல்லுங்கக்கா, இப்படிப் பேசுனா வேலையே ஓட மாட்டேங்கு" என்றாள்.

ஆனால் ஒன்று. பக்கத்தில் போனபோதுதான் முத்துப்பேச்சி ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு இழை பார்ப்பதை அவர் கவனித்திருக்கிறார். இத்தனை வருஷமாக இழையை விட்டுவிடுகிறாள் என்று அவளைத்தான் அதிகம் வைதிருக்கிறார். கண்ணாஸ்பத்திரிக்கு என்னோடு அனுப்பிவைத்தார். கண்ணாடி போட்ட பிறகு முத்துப்பேச்சி அவரை உற்றுப் பார்த்து, "முதலாளி இம்புட்டுக் கருப்பா?" என்று கேட்டுவிட்டாள். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர் வாயை மூடிக்கொண்டு ஷெட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பிறகு சிரித்தார்.

பக்கத்து வீட்டு ராஜு அம்மாவுக்கும் கஷ்டம். "ஏமய்யிந்தி, என்னாச்சு பாக்கியம், வீட்டுக்காரர் ஊர்ல இல்லியா?" என்று கேட்டாள். காலையில் இவர் போடுகிற முதல் சத்தத்துக்குத்தான் அவள் அடுப்பில் பால் வைப்பாளாம். இரண்டு நாள் அவள் பேரன் பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போயிருக்கிறான்.

எனக்கும் ஒரு சங்கடம் வந்திருக்கிறது. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் வாராவாரம் இவர் கோபத்துக்காக ஜெபிக்கச் சொல்லுவேன். இப்போது என் முறை வந்தால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. போதாததற்கு நேற்று இவர் என்னிடம், "நான் வாய மூடுனதுக்குப் பொறவுதான் தெரியுது, நீ காலைலருந்து எம்புட்டுப் பேசுதேன்னு" என்கிறார். மெதுவாகத்தான் சொன்னார். அதனால் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

இனி வருத்தமான செய்தி. வியாழக்கிழமை இவராகவே வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் போய் ஐயாதுரை மச்சானைப் பார்த்து வாரேன் என்றார். உன் மாமனாரைத்தான். எதற்கு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருக்கிறார். ஒரு ஆள் வந்து, அந்த இடத்தில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு வைத்திருந்தேன், எழுந்திரு என்றிருக்கிறான். துண்டு இவருக்கு அடியில் இருந்திருக்கிறது. இவர் எழுந்து துண்டை உதறிக் கொடுத்திருக்கிறார். அதுவரைக்கும் சரி. அவன், "பெரிய மனுசன் செய்ற வேலையா இது?" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டான். அவ்வளவுதான், லெந்து தொடங்கியதிலிருந்து சேர்த்து வைத்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது. இராஜபாளையத்தில் ஆரம்பித்தவர் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில்தான் நிறுத்தினார். கண்டக்டர் விசில் ஊதியது டிரைவருக்குக் கேட்காமல் இரண்டு நிறுத்தத்தில் பஸ் நிற்காமலே போய்விட்டதாம்.

இறங்கிய பிறகு அவருக்கு வெட்கமாகிவிட்டது. இந்த வாயோடு அந்த வீட்டுக்கு எப்படிப் போவது என்று, திரும்புகிற பஸ்ஸைத் தேடி நடந்திருக்கிறார். அங்கே ஒரு பால்கோவாக் கடைப் பக்கத்தில், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு ஒரு வெள்ளை அங்கி. நம் குருவானவர்! கையில் இலை, இலையில் பால்கோவா. ஏதோ கூட்டத்துக்கு வந்த இடத்தில் கால் அந்தப் பக்கம் போய்விட்டதாம். பிறகு குருவானவர், "நீங்க பஸ்ல பேசுனது கடை வரைக்கும் கேட்டுதுண்ணே" என்று சொல்லி, இலையில் மீதி இருந்ததை இவரிடம் நீட்டியிருக்கிறார். பெஞ்சில் உட்கார்ந்து இவர் அதைச் சாப்பிட்டிருக்கிறார்.

இதோடு விட்டுவிடலாமா ஐயா என்று இவர் கேட்டதற்குக் குருவானவர், "பிள்ளை நடை பழகுறப்ப விழுந்தா யாரும் வெரட்டி விடுறதில்ல. நாளைக்குக் காலைல எந்திரிச்சுத் திரும்பச் சொல்லுவோம்" என்றாராம். இதை என்னிடம் சொல்லும்போது பாதியில் நிறுத்தி, "நமக்கு அதெல்லாம் எங்க தெரியும், பிள்ளையா குட்டியா" என்று சொல்லிவிட்டு ஷெட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் முதல் வேலையாகப் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அந்தக் கண்டக்டரைத் தேடிப் பிடித்துத் தப்பாக நடந்துகொண்டேன் என்று சொல்லிவிட்டு வந்தார். திரும்பவும் ஷெட்டில் நடக்க ஆரம்பித்திருக்கிறார். இடுப்பு வேட்டி தளர்ந்துபோகிற அளவுக்கு மெலிந்திருக்கிறார்.

தங்கபாயைக் கேட்டதாகச் சொல்லு. அவள் என்னோடு பேசாமல் இருப்பதற்கு எனக்கு வருத்தம் இல்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் இருந்திருப்பேன்.

அன்புடன்,
அக்காள்.


இராஜபாளையம்,
20-4-1987, திங்கள்.

என் அருமைத் தம்பிக்கு, உயிர்த்தெழுந்த பண்டிகையின் வாழ்த்துதல்களோடு அக்காள் எழுதுவது.

உன் மாமனார் வீட்டிலிருந்து உனக்குக் கடிதம் வருவதற்கு முன்னால் இது வந்து சேர வேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன். ஈஸ்டருக்கு முந்தின நாள் சனிக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். இந்தத் தடவை பஸ்ஸில் இவர் நின்றுகொண்டே வந்தார். இடம் இருந்தும் உட்காரவில்லை.

தம்பி, உன் மாமனாருக்குக் காது இவ்வளவு மந்தம் என்று நீ ஏன் ஒரு நாளும் சொல்லவில்லை? பெண் பேசப் போனபோது பேசியதெல்லாம் உன் மாமியார் அன்னத்தாய் அம்மாள்தான். அவர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் மரியாதைக்காரர் என்று நினைத்துக்கொண்டோம்.

எங்களைக் கண்டதும் அவர் நாற்காலி எடுத்துப் போட்டார். உன் மாமியார் அடுக்களையைவிட்டு வெளியே வரவில்லை. உன் அத்தான் உட்காராமல், கையைக் கட்டிக்கொண்டு, பழகின மெல்லிய குரலில், "மச்சான், நீங்க என்ன மன்னிக்கணும்" என்றார்.

உன் மாமனார் கொஞ்சம் யோசித்து, "மண்ணெண்ணெயா? இங்கயும் கெடைக்கல. ரேஷன்ல இன்னும் போடல" என்றார்.

இவர் இன்னும் ஒரு அடி கிட்டே போய், "கல்யாணத்தன்னைக்கு நான் பேசுனது" என்று ஆரம்பித்தார். "ஃபேனா? போட மறந்துட்டேன் பாருங்க" என்று அவர் எழுந்து போய் ஃபேனைப் போட்டார். அந்த ஃபேன் எங்கள் தறியைவிடக் கூடுதலாகச் சத்தம் போட்டது. இவர் என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

உள்ளேயிருந்து உன் மாமியார் குரல் மட்டும் வந்தது. "அவியளுக்குக் கத்திச் சொன்னாத்தான் கேக்கும். உங்களுக்கா கத்தத் தெரியாது?" என்றார்கள்.

தம்பி, உன் அத்தான் முகம் போன போக்கை நான் எப்படி எழுதுவேன். எவ்வளவு பாடுபட்டு அடக்கிய சத்தம். கழுத்தெல்லாம் வேர்த்து, கை துண்டுக்குப் போய்த் திரும்பியது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, ஷெட்டில் எல்லாத் தறியும் ஓடும்போது போடுவாரே, அந்தச் சத்தத்தில், "மச்சான்! உங்க மக கல்யாணத்துல உங்கள நான் அவமானப்படுத்திட்டேன்! அது பெரிய தப்பு! என்ன மன்னிக்கணும்!" என்றார்.

தெருவில் கதவு திறக்கிற சத்தம் வரிசையாகக் கேட்டது. சைக்கிளில் போனவர் இறங்கி நின்றார். எதிர்வீட்டுப் பெண்கள் படியேறி ஜன்னலுக்கே வந்துவிட்டார்கள். உன் மாமனார் ஃபேனை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அப்புறம் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் கஷ்டம். "எனக்கு ஒரே மக. அன்னைக்குக் கோவில்ல பாதிரி ஐயர் வாசிச்சது எனக்குக் கேக்கல. பாட்டு கேக்கல. எம்மக சம்மதம் சொன்னது கேக்கல. வாய் அசைஞ்சத மட்டும் பாத்துக்கிட்டு இருந்தேன். அந்தக் கல்யாணத்துல என் காதுல முழுசா விழுந்தது உங்க வார்த்தை ஒண்ணுதான்" என்றார்.

உன் அத்தான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. நான் எழுந்து போய்விடலாம் என்று பையை எடுத்தேன். ஆனால் இவர் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, உன் மாமனார் நாற்காலியின் பக்கத்தில் போய், அவர் காதுக்கு நேராக, சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தார். "ஐயர் மொதல்ல மாப்பிள்ளையக் கேட்டாரு. அவன் அவசரத்துல கேட்டு முடிக்கும் முன்னாலயே சம்மதம்னுட்டான். எல்லாரும் சிரிச்சாவ" என்றார். உன் மாமனார் நிமிர்ந்தார். "பொறவு உங்க மகளக் கேட்டாரு. அது சொன்னது ஐயருக்கே கேக்கல. இன்னொருக்காச் சொல்லும்மான்னாரு. அப்போ அது தலைய நிமித்தி, உங்க பக்கம் ஒரு பார்வ பாத்துட்டு, கணீர்னு சொல்லுச்சு" என்றார்.

"என்னப் பாத்துச்சா?" என்று உன் மாமனார் கேட்டார். "உங்களப் பாத்துத்தான்!" என்று இவர் கத்தினார்.

முழுக் கல்யாணத்தையும் சொன்னார், தம்பி. யார் முதலில் பாடினது, மோதிரம் உன் விரலில் ஏறாமல் நின்றது, உன் சேக்காளி மாலையை மறந்து வைத்துவிட்டு வந்தது எல்லாம் சொன்னார். தங்கபாய் தலையில் மல்லிகை வைத்திருந்தாள் என்று இவர் சொன்னபோது ஜன்னலிலிருந்து ஒரு அம்மாள், "மல்லி இல்ல, பிச்சி! நாந்தானே கட்டிக் குடுத்தேன்" என்று திருத்தினாள். இவர், "பிச்சிப்பூ மச்சான்!" என்று திருத்திச் சொன்னார். உன் மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். எப்போது வந்தார்களோ தெரியவில்லை, உன் மாமியார் அடுக்களை வாசலில் காப்பித் தட்டோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். காப்பி ஆறிப்போய், திரும்பப் போட வேண்டியதாயிற்று. பந்தி வந்ததும் இவர் நிறுத்திவிட்டார். உன் மாமியார், "கறி தட்டுப்பட்டது உள்ளதுதான். சமையக்காரன் வீட்டுக்குக் கடத்திட்டான்" என்றார்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இவர் முழுக்க மாறிவிட்டார் என்று நான் எழுதமாட்டேன். நேற்று ஈஸ்டர் ஆராதனைக்குப் போகையில் கோவில் கேட்டை மறித்து யாரோ ஸ்கூட்டரை நிறுத்தியிருந்தார்கள். "எவம்ல" என்று ஆரம்பித்துவிட்டார். உள்ளேயிருந்து குருவானவர் எட்டிப் பார்த்தார். இவர் அதை அப்படியே இருமலாக மாற்றிக்கொண்டு, ஸ்கூட்டரைத் தானே தூக்கி நகர்த்திவைத்தார். லெந்து முடிந்துவிட்டதே, இனி என்ன என்று நான் கேட்டேன். நாளைக்குக் காலையிலும் சொல்லிப் பார்க்க வேண்டியதுதான் என்றார். இன்று காலை முகம் கழுவிவிட்டு அவர் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது.

உன் மாமனார் ஞானஸ்நானத்துக்கு இரண்டு பேரும் வர வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பினார். ஆனால் பிள்ளை உன்னுடையது. அழைக்க வேண்டியவன் நீ. நீ அழைக்காமல் அத்தான் வரமாட்டார். போகலாம் என்று நான் சொல்லியும், "அவன் வாயால வரட்டும்" என்றுவிட்டார். அதனால் முதல் கடிதத்தில் எழுதாமல் விட்ட பதிலை இப்போது எழுதுகிறேன். நான் மட்டும் வரமாட்டேன், தம்பி.

கர்த்தர் எங்களுக்கு எத்தனையோ தந்தார். தராத ஒன்றைப் பற்றி உன் அத்தானும் நானும் பேசிக்கொண்டது கிடையாது. பேச வந்த நாளில் எல்லாம் அவர் சத்தம் போட்டிருக்கிறார், நான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். பாப்பாவை நான் தூக்க வேண்டும் என்று கேட்கவில்லை. அவர் கையில் ஒரு தரம் கொடு. அவர் தூக்கிக்கொண்டு நிற்கிறதை நான் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

பிள்ளையையும் உங்களையும் தேவன் தம் செட்டைகளின் நிழலில் வைத்துக் காப்பாராக. பதில் எழுதும்போது என் பெயருக்கு எழுத வேண்டாம். அத்தான் பெயருக்கு எழுது.

உன் அக்காள்,
ஞானபாக்கியம் கிறிஸ்துராஜ்.